பொத்துதல்

திருக்கடலூர்க் கரையில் விடிய முதல் எழும்பும் சொல்
"பொத்து."
அது வலைக்கு.
ஆமை கிழித்த இடம், முருகைக்கல் கடித்த இடம்,
ஒருவரும் பேர் சொல்லாத படகு
இரவில் அறுத்துப்போன இடம்.
கால்விரலில் ஓரத்தை மாட்டி இழுத்துக்கொண்டு
கண்ணுக்குக் கண் முடிச்சுப் போடுவேன்.
கூலி, சம்மாட்டியின் முகத்தைப் பொறுத்தது.

வீட்டில் அதே சொல்லுக்கு வேறு வேலை.
குடிக்காத நாளிலும் சொல்வார் சீவரத்தினம்,
சோற்றுக் கோப்பையிலிருந்து நிமிராமல்,
"பொத்து."
அது வாய்க்கு.
ஊசியும் தரமாட்டார், நூலும் தரமாட்டார்.

மகள் யாழிசையை நான் பொத்திப் பொத்தி வளர்க்கிறேனாம்,
பக்கத்து வீட்டில் கதை.
அவளோ ஒருநாள் நூல்கட்டையை உருட்டியபடி கேட்டாள்:
"பொத்தல் எண்டா ஓட்டை.
பொத்துறது எண்டா ஓட்டையை மூடுறது.
எப்பிடியம்மா?"
எனக்குத் தெரியவில்லை.
"நூலைச் சிக்காக்காதே" என்றேன்.

மாசிக் கடைசியில் சங்கக் கட்டடத்தில் கூட்டம்.
கந்தோர் ஐயா படிவம் விரித்தார்.
எத்தனை வலை? எத்தனை பாகம்? எதால் சேதம்?
ஆண்கள் எல்லாரும் மின்விசிறியைப் பார்த்தார்கள்.
பொத்திய கைகள் மடியில்.
"கல்லுத்தான் ஐயா" என்றது ஒரு குரல்.
ஐயா எழுதப் போனார்.

நான் கதவடியில், தேத்தண்ணித் தட்டோடு.
"கல்லில்லை" என்றேன்.
எனக்கே அது வேறு யாரோ சொன்னதுபோல்தான் கேட்டது.
"கல்லு நூலைத் தேய்க்கும், பிசிறு விடும்.
இது நேர் வெட்டு. கத்தி.
பதினேழு இடம்.
பொத்தினவள் நான், எனக்குத் தெரியும்."

பின்வரிசையில் யாரோ மெல்லச் சொன்னார்,
"பொத்து."
இவரா, வேறு ஆளா,
திரும்பிப் பார்க்கவில்லை.
தட்டில் ஒன்பது கோப்பை. ஒன்றும் சிந்தக் கூடாது.

ஐயா கல்லை வெட்டிவிட்டுப் பதினேழு என்று எழுதினார்.
பிறகு அந்தப் பதினேழைச் சுற்றி வட்டமும் போட்டார், ஏனோ.
வெளியே, காற்றில் பறந்த வெறும் படிவம் ஒன்றைக்
கோட்டைப் பக்கத்து மான்
ஆறுதலாக மென்றுகொண்டு நின்றது.

அன்றிரவு இவர் ஒன்றும் சொல்லவில்லை.
லாம்பைக் கிட்ட நகர்த்தி வைத்தார்.
வலையின் மறு ஓரத்தை இழுத்துப் பிடித்தார்.
வேண்டியதைவிட இறுக்கமாக.
"கொஞ்சம் விடுங்கோ,
கண் சின்னனாப் போகுது" என்றேன்.

விட்டார்.