கொஞ்சம் பின்னால்

இருபத்திரண்டு வருடங்களாக
எங்கள் சண்டைகள் எல்லாம்
டிராக்டருக்கும் அதன் பின்னால் கிடக்கும் கருவிக்கும்
இடைப்பட்ட நான்கு அங்குலத்தில் நடந்தன.

லூசியன் இருக்கையில். நான் தரையில்.
"கொஞ்சம் பின்னால்."
வருவான்.
"கொஞ்சம்னு சொன்னேன்!"
போவான்.

இடது முளையில் கீழ்க்கை ஏறிவிட்டால்
வலது முளை ஒரு விரல்கடை தள்ளி நின்று
வேடிக்கை பார்க்கும்.
கடப்பாரை கொண்டு வா, முட்டுக் கொடு, உதை.
பூட்டுவளையம் புல்லுக்குள் விழும்.
தேடும்போது அவனுக்குப் பிரெஞ்சு வரும்.
ஆற்றுக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும்
அவனுடைய ஆட்கள் பேசும் பிரெஞ்சு.
அதில் திட்ட வேண்டுமென்றால்
பீடத்தில் உள்ள பாத்திரம் பண்டங்களை
ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அழைத்தால் போதும்.
நானும் கற்றுக்கொண்டேன்.
பாதிரியாரைவிட எனக்கு அதிகம் தெரியும்.

ஒரு அக்டோபரில் என் மோதிரவிரல் நசுங்கியது.
நகம் கறுத்து விழுந்து, வேறு நகம் வந்தது
கொஞ்சம் கோணலாக.
அன்றைக்கு மட்டும்
என்ஜினை அணைக்காமலே குதித்து இறங்கினான்.

போன ஜூனில் அந்தச் சட்டத்தை வாங்கி வந்தான்.
ஆரஞ்சு நிறம். கதவில்லாத நிலை மாதிரி ஒன்று.
கீழே இரண்டு கொக்கி, மேலே ஒன்று,
மூன்றும் வாய் பிளந்தபடி வானம் பார்த்து.
பின்னால் போ. தூக்கு.
முளைகள் தாமாகவே வந்து உட்காரும்.
இரண்டு தாழ்ப்பாள்: டக். டக்.
"நாற்பது வினாடி" என்றான்.
தீவனக் கடையில் சொன்னான், பூசை முடிந்து படிக்கட்டில் சொன்னான்,
எண்ணெய் லாரிக்காரனை நிறுத்தி வைத்துச் சொன்னான்.

புல்வெட்டி, சமன்தகடு, மரம் தூக்கும் முள்.
சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தேன்.
டக். டக்.
பாத்திரம் கழுவும் தண்ணீர்
சூடாகவே இருந்தது.

செப்டம்பரில் ஒருநாள் கணக்குப் பார்த்தேன்.
ஜூனிலிருந்து நாங்கள் பேசியவை:
மின்கட்டணம், நாய்க்கு உண்ணி,
அவன் தங்கை ஜிஸெலின் முழங்கால்.
கரண்ட் போன பிறகுதான்
இவ்வளவு நாள் ஃபிரிட்ஜ் ஓடிய சத்தம்
காதில் விழுகிறது.

டிசம்பர் நான்காம் தேதி, விடிய இன்னும் நேரம் இருந்தது.
முழங்கால் உயரப் பனி.
பனிவீசி அவனுடைய சித்தப்பாவின் காலத்தது.
அந்தக் காலத்து அளவு அதற்கு.
கீழ்க்கொக்கிகள் பிடித்துக்கொண்டன.
மேல்கொக்கி காற்றைச் சீவியது.
முன்னே போனான். பின்னே வந்தான்.
மூன்றாம் தடவையும் இரண்டு அங்குலம் எட்டவில்லை.

சட்டத்தைக் கழற்றிப் பனியில் இறக்கும் சத்தம் கேட்டது.
பிறகு ஜன்னல் கண்ணாடியில் கையுறை தட்டியது.
ஒன்றும் சொல்லவில்லை.
நான் ஏற்கெனவே
ஒரு பூட்ஸுக்குள் கால் விட்டிருந்தேன்.

"கொஞ்சம் பின்னால்."
வந்தான்.
"கொஞ்சம்!"
வலது முளை வேடிக்கை பார்த்தது.
பூட்டுவளையம் பனிக்குள் போனது.
இருவரும் மண்டியிட்டுத் துழாவினோம்,
அவன் நற்கருணைப் பேழையில் தொடங்க
நான் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தேன்.
சுழல்தண்டின் பல்லும் பல்லும் பொருந்தாமல்
அவன் தள்ள, நான் திருக,
என் தொப்பியும் அவன் தாடையும் மோதிக்கொண்டன.
இருவர் மூச்சும் ஒரே ஆவியாகப் போனது.
அது யாருடைய தப்பு என்பதில்
காலை உணவு வரை சண்டை.

மேல்துளையை உயர்த்தி வெல்டிங் வைத்துவிடலாமாம்,
பெல்டியே பட்டறையில் அரைமணி வேலைதானாம்.
சனிக்கிழமை கொண்டுபோவதாகச் சொன்னான்.

இப்போது பிப்ரவரி.
சட்டம் கொட்டகைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது,
ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு பிடி பனி.
நான் நினைவூட்டவில்லை.
எங்களுக்கு இருபது நிமிடம் ஆகிறது.
பத்து விரலும் இருக்கின்றன,
இன்று காலை வரை.