ரிட்டர்ன் லோடு

ஆரம்பாக்கம் தாண்டி, தடா வருவதற்குள்,
மாநிலம் மாறும் பலகைக்கு
இருநூறடி இந்தப் பக்கம் எங்கள் கொட்டகை.
முன்பு இறால் பதப்படுத்திய இடம்.
மழை பெய்தால் இன்னும் வாடை எழும்.
முதலீட்டாளர் வரும் நாளில்
எலுமிச்சை மணம் தெளிப்போம்.

சுவரில் பெரிய சிவப்பு உருண்டை.
அடியில், ‘2041-இல் நாம் அங்கே இருப்போம்.’
நாம் என்றால் யாரென்று
யாரும் கேட்டதில்லை.
போன மார்ச் வரை அது 2038.
மேலே புது எண்ணை ஒட்டியவள் நான்தான்.

கசிவு பார்ப்பது என் வேலை.
வால்வுக்குள் ஹீலியம் ஏற்றிவிட்டு
மோப்பக்குழாயைப் பிடித்துக்கொண்டு
ஏதாவது தப்பி வருகிறதா என்று நிற்பேன்.
எல்லாமே கசியும். எவ்வளவு என்பதுதான் கணக்கு.
சம்பளமும் அப்படித்தான்.
இரண்டு மாதமாகப் பாதி பணம், பாதி பங்கு.
எனக்கும் லாரி ஓட்டும் பெஞ்சலய்யாவுக்கும்
ஆளுக்கு நூற்றிருபது பங்கு, காகிதத்தில்.

அவருக்கு மங்களவாரம், எனக்குச் செவ்வாய்.
எல்லைக்கு இரண்டு பக்கமும்
அன்றைக்குப் புதிதாக எதையும் தொடங்கமாட்டார்கள்.
கம்பெனியைப் பதிவு செய்தது
ஒரு செவ்வாயன்று, வேண்டுமென்றே.
நிஹால் அதைச் சொல்லிச் சிரிப்பான்.

எஞ்சினை ஏற்றிக் கயிறு இறுக்கும்போது
பெஞ்சலய்யா கேட்டார்:
எவ்வளவு தூரம்மா?
கிட்டே வந்தாலே ஐந்தரைக் கோடி கிலோமீட்டர்.
அதுவும் நேராகப் போக முடியாது,
சுற்றித்தான் போகணும், ஏழு மாதம்.
டீசல்?
வேகம் பிடிக்கிற வரைக்கும்தான். அப்புறம் மிதக்கும்.
பரவாயில்லையே. ரிட்டர்ன் லோடு?

சிரித்துவிட்டேன்.
அவர் சிரிக்கவில்லை, கயிற்றைப் பிடித்தபடி
பதிலுக்குக் காத்திருந்தார்.
காளஹஸ்திக்குக் கிளம்புகிறவன்கூட
திரும்பும் வழியில் செங்கல்லோ நெல்லோ
கிடைக்குமா என்று கேட்டுவிட்டுத்தான்
சாவியைத் திருகுவான்.
காலி வண்டி திரும்பினால் முதலாளிக்கு நஷ்டம்.
வண்டியே திரும்பவில்லை என்றால்
அதற்கு என்ன பெயர்?

நிஹாலிடம் கேட்டேன்.
முதலில் செயற்கைக்கோள், அப்புறம் நிலா,
அப்புறம் அரசாங்கமே
நம்மிடம் டிக்கெட் வாங்கும் என்றான்.
எங்கள் ஊருக்கு வரும் மினிபஸ்ஸும் தனியார்தான்.
ரோடு ஊராட்சி போட்டது.
பன்னிரண்டு பேர் ஏறும்வரை
அவன் கியர் போடமாட்டான்.

அன்று ராத்திரி ஏழாம் எண் வால்வு.
கருவி மெல்ல முனகியது.
அளவு விதிக்குள் இருந்தது.
பத்து நிமிடம் எரிகிற எஞ்சினுக்கு
அது தாராளம், தேர்ச்சி, கையெழுத்து.
வீட்டுக்குப் போயிருக்கலாம்.
காலண்டர் தாளைக் கிழித்து,
பின்பக்கம் ஏழு மாதத்தால் பெருக்கினேன்.
ஐந்தாம் மாதம், ஏறக்குறைய பத்தொன்பதாம் தேதி,
தொட்டி காலி.
திரும்பப் பெருக்கினேன்.
இருபதாம் தேதி.

பதிவேட்டில் அதற்குக் கட்டம் கிடையாது.
ஓரத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு
நானே ஒரு கட்டம் கட்டினேன்:
‘ஆள் போவதென்றால் போதாது.’
மறுநாள் நிஹால் பார்த்தான்.
அடிக்கவில்லை. கேட்கவுமில்லை.
விரலால் அந்தக் கோட்டைத் தடவிவிட்டு
போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.
சுவரில் 2041 அப்படியேதான் இருக்கிறது.
ஒரு மூலை மட்டும் பிரிந்து,
அடியிலிருக்கும் எட்டு
லேசாகத் தெரிகிறது.

சோதனை மேடையில் எஞ்சின்
ஒன்பது நிமிடம் நாற்பது நொடி எரிந்ததாம்.
எல்லோரும் கைதட்டினார்களாம்.
பெஞ்சலய்யா வெறுங்கையோடு திரும்புகிறவரில்லை.
நாயுடுப்பேட்டையில் மிளகாய் மூட்டை பிடித்து
எஞ்சின் பெட்டிக்கு மேலேயே அடுக்கி வந்திருந்தார்.
பலகையிலும் போல்ட்டிலும்
என் ஏழாம் எண் வால்வின் கழுத்திலும்
சிவப்பாக, மெல்லியதாக ஒரு தூள்.

மோப்பக்குழாயை வைத்துப் பார்த்தேன்.
அதற்கு ஹீலியம் மட்டுமே தெரியும்.
ஒன்றுமில்லை என்றது.
எனக்குத்தான் தும்மல் நிற்கவில்லை.