இரண்டாம் அச்சில் இல்லாத முனகல்

முதல் அச்சு இருநூறே தட்டு.
கண்ணாடி நிறம். தூக்கிப் பிடித்தால்
அந்தப் பக்கம் மீரானின் மூக்கு தெரியும்.
இரண்டாம் அச்சு ஐநூறு, சாதாக் கறுப்பு,
சுங்கத்தில் பதினெட்டு நாள் கிடந்து
ஆயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய் கட்டியபின்
மூலை நசுங்கி என் கைக்கு வந்தது.

இரண்டிலும் ஒன்றுதான்:
பின்லாந்தில் ஒருத்தி
உறைந்த ஏரிக்குள் ஒலிவாங்கியை இறக்கி
பனி விரிசல் விடுவதைப் பிடித்து
மூன்று ஆசிலேட்டர்களோடு பிசைந்து வைத்திருக்கிறாள்.
மெட்டு கிடையாது. தாளம் கிடையாது.
மீரானின் மச்சான் எட்டிப் பார்த்து
"மிக்சி ரிப்பேரா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சண்டை வேறு.
கண்ணாடித் தட்டின் இரண்டாம் பக்கம்,
ஆறாவது நிமிடத்தில் பனியெல்லாம் அடங்கியதும்
அடியில் ஒரு முனகல் வரும்,
மூடிய வாய்க்குள் யாரோ சம்மதிப்பதுபோல.
என் கறுப்பில் அது இல்லை.
பாளையங்கோட்டையில் என் வீட்டில்
மூன்று தரம் போட்டுக் கேட்டாயிற்று.

"தொடச்சுட்டானுவ வே" என்றான் மீரான்.
"மறு அச்சுன்னாலே வெள்ளையடிக்கதுதான்."
பெங்களூர்க்காரன் ஒருத்தன் பதினோராயிரம் தருகிறேன் என்றும்
கொடுக்காத தட்டு அது.

உச்சிமாகாளி மின்வாரியத்தில் இருக்கிறான்.
"அவ ஊர்லயும் அம்பது, நம்ம ஊர்லயும் அம்பது.
நொடிக்கு அம்பது தரம் துடிக்கது
எந்த ஊரு கரண்டுன்னு
காதை வச்சு சொல்ல முடியாது, பாத்துக்கிடும்."

ஆகவே செவ்வாய்க்கிழமை
மேலப்பாளையத்தில், செல்போன் ஸ்பேர் கடை மாடியில்
ஒரே பிளேயரில் இரண்டையும் போடுவது என்று முடிவு.
ஆடிக்காற்று தகரத்தை அடித்தது.
ஜன்னலில் தலையணை திணித்தோம்.
முதலில் கண்ணாடி. முனகல் சரியாக வந்தது.
பிறகு கறுப்பு.
நான்காவது நிமிடத்தில்
பனி இழுபட்டு, தடித்து, மாடுபோலக் கத்தி
நின்றது.

எல்லோரும் உச்சிமாகாளியைப் பார்த்தோம்.
"பராமரிப்பு" என்றான் சுவரைப் பார்த்து.
நோட்டீஸில் கையெழுத்துப் போட்டதே அவன்தான்.

அதுவரை பேசாமல் இருந்த சொர்ணவல்லி
"வெரலால சுத்துனா என்ன?" என்றாள்.
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில்
பன்னிரண்டு வருடம் நடுங்காத கை.
ஒரு சுற்றுக்கு ஒன்றேமுக்கால் நொடி, அதற்கு மேல் ஒரு மயிரிழை.
உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே சுற்றினாள்.
நாங்கள் ஊசியருகே காதைக் கொண்டுபோனோம்.
மீரானின் அத்தரும் உச்சிமாகாளியின் வியர்வையும்
ஒரே மூச்சில்.

கேட்டது.
ஒலிபெருக்கி இல்லாமல், கரண்ட் இல்லாமல்,
ஊசி முனையே வாயாக:
பக்கத்து அறையில் யாரோ
ஒவ்வொரு அப்பளமாக ஒடிப்பதுபோல்
அந்த ஏரி.

முனகல் வரவேண்டிய இடம் வந்தது.
முனகல் வரவில்லை.
"பாத்தியளா!" என்று மீரான் எழும்ப,
"வராது வே. கீழ்ச்சத்தத்தைச் சுருக்கித்தான் வெட்டுவானுவ.
ஆம்ப் இல்லாம ரெண்டுலயுமே கேக்காது."
"இத முன்னாலயே சொன்னா என்னவாம்?"
"நல்லா இருந்துச்சு, அதான் சொல்லல."

ஊசியைத் தூக்கி வைத்தோம்.
டீ சொல்லலாமா என்ற பேச்சு.
அப்போது கரண்ட் வந்தது.

சொர்ணவல்லியின் விரல் இன்னும் தட்டின்மேல்.
தட்டு சுற்றவில்லை.
ஊசி அந்தரத்தில்.
ஸ்பீக்கரில், நிதானமாக,
அதே முனகல்.

தெருவில் ஒரு ஆட்டோ திரும்பிப் போகும்வரை
யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"எர்த்து சரியில்ல" என்றான் உச்சிமாகாளி மெதுவாக,
சாவு சொல்ல வந்தவன்போல.
"உப்பு, கரி, ஒரு செம்புக் கம்பி.
ஞாயித்துக்கிழமை வந்து குழி தோண்டிப் போட்டுருதேன்."

மீரான் கண்ணாடித் தட்டை உறைக்குள் தள்ளினான்.
வெளியே எடுத்தான். மறுபடி தள்ளினான்.
"இந்த ஞாயிறு வேண்டாம்" என்றான்.
பிறகு என்னிடம்,
"அந்தக் கறுப்பை இங்கனயே வச்சுட்டுப் போரும்.
அதுல எப்படி இருக்குன்னு பாக்கணும்."