ஸ்கோர் என்ன, மக்கா?

அரையிறுதி, இரண்டாம் பாதி.
கார்னர் பந்துக்கு நீ எம்பினாய்,
பொழியூர்க்காரன் ஒருவனும் எம்பினான்.
கோல்போஸ்டில் நின்ற எனக்குக் கேட்டது
மட்டை உரித்த தேங்காயில்
வெட்டுக்கத்தியின் முதுகு விழும் சத்தம்.

விழுந்தாய். எழுந்தாய்.
மைக்கில் உன்னைச் சிங்கம் என்றார்கள்.
குனிந்து ஷூ லேஸைக் கட்டினாய்,
கட்டின லேஸையே மறுபடியும் கட்டினாய்.

அதைப் பார்த்தேன், ரெஜிஸ்.
பார்த்துவிட்டு
கோல்கிக் எடுத்தேன்.

திரும்பும் வேனில்
மலையாள போர்டுகள் தமிழாகும் இடத்தில்
"ஸ்கோர் என்ன மக்கா" என்றாய்.
ரெண்டு ஒண்ணு, ஜெயிச்சாச்சு என்றோம்.
குருசடி வளைவில் திரும்பவும் கேட்டாய்.
பையன்கள் சிரித்தார்கள், நானும்தான்.
மூன்றாவது முறை கேட்டபோது
எதிர் லாரியின் வெளிச்சத்துக்கு
இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தியிருந்தாய்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"யாருட்டயும் சொல்லாதலே.
ஞாயித்துக்கிழமை ஹாஸ்டல்ல இருந்து ஆள் வாராங்க,
மாதாவாணை, எனக்கு ஒண்ணுமில்ல."
சரி என்றேன்.

விடிவதற்குள் ஆன்சலம் சாரின் கதவைத் தட்டினேன்.

பாறசாலை டாக்டரம்மா
ஸ்கேனில் ஒன்றும் தெரியாது என்றாராம்,
தெரியாததால் ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை என்றாராம்.
பதினாலு வயசு மூளை
இன்னும் காயாத கான்கிரீட்,
முதல் அடியே ஆறாமல்
இன்னொன்று வாங்க விட்டுவிடாதீர்கள் என்று
சாரைப் பார்த்து அல்ல,
ஆழ்கடலுக்குப் போயிருந்த உன் அப்பாவுக்குப் பதிலாக
வந்து நின்ற உன் அம்மாவைப் பார்த்துச் சொன்னாராம்.

ஃபைனலில் மூன்று கோல்.
மூன்றும் நீ நிற்கும் இடத்தின் வழியாகவே வந்தன.
கடைசிப் பந்தை வலையிலிருந்து எடுக்கும்போது
பின்னால் யாரோ
"காட்டிக்கொடுத்தவன்" என்றார்கள்.
ஹாஸ்டல்காரர்
இடைவேளைக்கு முன்பே போய்விட்டிருந்தார்.

பதினொரு நாள்
உங்கள் வீட்டு ஜன்னலில் கறுப்புப் போர்வை தொங்கியது.
பதினொரு நாள்
உன் தங்கைகூட என்னைக் கண்டால் தெருமாறிப் போனாள்.

இன்று சாயங்காலம்
தூண்டில் வளைவுக் கல்லில் உட்கார்ந்திருந்தேன்.
நீ வந்தாய், தலையில் அப்பாவின் தொப்பி.
ஒரு கல் தள்ளி உட்கார்ந்தாய்.
அலை வந்து போயிற்று,
இன்னொன்று.

"ஸ்கோர் என்ன மக்கா?"

அடிவயிறு கலங்கிப்போய்
உன் கண்ணைப் பார்த்தேன்.
"ஃபைனல்லலே. ஒன் வாயால சொல்லு."

"மூணு பூஜ்யம்."

ஒரு கெட்ட வார்த்தை சொன்னாய்.
கடலையா என்னையா தெரியவில்லை.
மறுபடியும் கேட்பாயோ என்று
மூச்சுவிடாமல் காத்திருந்தேன்,
வெளிச்சம் போகும்வரை.

நீ கேட்கவில்லை.