மூன்றாவது போர்

மேல்விஷாரத்திலிருந்து ஜக்கரியா
குட்டியானையில் கொண்டுவந்து இறக்கினான்
ஒரு கான்டெஸா பிளாக்கை.
சிப்காட் வெயிலில் நாலு பேர் பிடித்தோம்.
அவன் பிடிக்கவில்லை, பேசிக்கொண்டிருந்தான்.
'டர்போ போடுறேன்க்கா. எரநூறு குதிர வேணும்.'
தேவகிருபை போரிங் ஒர்க்ஸ் என்றால்
சாமி பேர் என்று நினைக்கிறார்கள்.
என் பேர்தான்.

காஸ்டிக் தொட்டியில் ஒரு ராத்திரி கிடந்தது.
காலையில் கவிழ்த்துத் தட்டினால்
வாட்டர் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து
பொலபொலவென்று முப்பது வருஷத்து உப்பு.
குடித்ததெல்லாம் நம்ம ஊர்த் தண்ணி.
குண்டான் அடியில் படிகிற அதே வெள்ளை,
போன ஆடியில் டாக்டர்
படத்தில் வட்டம் போட்டுக் காட்டிய
என் இடது கிட்னியின் வெள்ளை.
'தண்ணி நெறைய குடிங்க' என்றார்.
எந்தத் தண்ணி என்று
அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

உப்புக்குப் பின்னால் ஒரு பிடி கறுப்பு மணல்.
வார்ப்படத்தில் எவனோ
உதறாமல் விட்டது.

எங்களுக்குப் போர் என்றால் ரெண்டு.
ஒன்று எழுநூறு அடி. போட்டால் காற்றுதான் வரும்.
இன்னொன்று எண்பத்தி நாலு மில்லிமீட்டர்.
அதில் காற்றுக்குத்தான் வேலை.

மூச்சைத் திணித்தால் சுவர் நடுங்கும்.
வெளியே தெரியாது, ரிங்குக்குத் தெரியும்.
நடுங்காமல் நிற்க
தண்ணி ஓடும் இடத்தைக் கிரவுட் ஊற்றி அடைக்கணும்.
'முழுசா அடைச்சிடுங்க, கால் மைல்தானே.'
கால் மைல் போன வண்டி
திரும்பி வரவேண்டாமா?
பாதிதான் என்றேன்.

போல்ட்டுகளைக் கழற்றி ஸ்டட் இறக்கினேன்.
அடியில் ஐந்து கேப்பையும் சேர்த்துப் பிடிக்க
அரை அங்குலத் தகடு.
மேலே இன்னொரு கனத்த தகட்டை வைத்து முறுக்கினேன்,
தலை இருக்கிறது என்று
பிளாக் நம்பவேண்டும்.
பிறகு ரசமட்டம் பார்த்து, கூழ் பதத்தில், கொஞ்சம் கொஞ்சமாக.
ரப்பர் சுத்தியால் ஒரு மணி நேரம் தட்டினோம்.
குமிழ்கள் ஒவ்வொன்றாக வந்து வாய் திறந்தன.

இறுகும்வரை பத்து நாள்.
பாலத்தில் போகும்போதெல்லாம் கீழே பார்த்தேன்.
பாலாற்றுக்கு மேலே மணல், அடியில் எங்கோ தண்ணி.
நான் செய்து வைத்திருப்பது
அதைக் கவிழ்த்துப் போட்டது.

ஒன்று, ரெண்டு, நாலு, போரிங் பார் சுத்தமாக இறங்கியது.
மூன்றில், கிரவுட்டுக்கு மேலே, ரெண்டு விரல் கீழே,
ஒரு கறுப்புப் புள்ளி.
பேனா முனை வைத்த மாதிரி.
குண்டூசியால் தொட்டேன். உள்ளே போயிற்று.
அந்த மணல்தான். சுவருக்குள் குடியிருந்திருக்கிறது.

ஜக்கரியா முதன்முறையாகப் பேசவில்லை.

ஸ்லீவ் கடைந்தேன், ரெண்டு தௌ கூடுதலாக.
ஒரு தலைமுடியே மூணு தௌ.
பிரஸ்ஸில் திணித்தால் பக்கத்துச் சுவர் வாங்கும்.
மீன்கடை ஐஸ் பெட்டியில் ஸ்லீவைப் புதைத்தோம்.
பிளாக்கைத் தூக்கி வெளியே
தகரத்தின் மேல் வைத்தோம். மே மாதம், மதியம் ரெண்டு மணி.
வாழ்நாளெல்லாம் திட்டிய வெயிலிடம்
ஒரு வேலை சொன்னேன்.
மூணரைக்குத் தொட்ட பையன் கையை உதறினான்.
ஸ்லீவை எடுத்து நேர் பார்த்து விட்டேன்.

டக்.

அவ்வளவுதான். சுத்தி தேவைப்படவில்லை.
அதில் இன்னும் மத்தி மீன் வாடை இருந்தது.

கடைசியாகப் பிரஷர் டெஸ்ட்.
ஜக்கரியா ரெண்டு கேன் கொண்டுவந்தான்,
சுத்திகரித்தது, இருபது லிட்டர் வீதம்.
'இதுக்குள்ள இனிமே போர் தண்ணி கூடாதுக்கா.'
ஒரு கேனில் பாதிகூடப் பிடிக்கவில்லை,
பாதியைத்தான் அடைத்துவிட்டோமே.
முள் இருபதில் நின்றது. அரை மணி நேரம் அசையவில்லை.

காசில் ரெண்டாயிரம் பாக்கி சொல்லிவிட்டு
குட்டியானையில் ஏறிப் போனான்.
கேன்களை மறந்துவிட்டான்.

பிளாக் குடித்தது போக மீதியை
நின்றபடியே, செம்பு செம்பாக,
நான் குடித்தேன்.