நாலுமா

ஐந்தில் ஒன்று.
என் மொழியின் பழைய வாய்பாட்டில்
இதற்கு நாலுமா என்று பெயர்.
இங்கே, சுனாம்கஞ்சின் நீர்வெளியில்,
பூஜ்யம் புள்ளி ஒன்று மில்லி.
தபோஷி தாஸ் ஊசிக்குழலை
வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடிக்கிறாள்:
ஒரு கோடு. அதைத் தாண்டக் கூடாது.

நான் செலவுக் கணக்கு எழுத வந்தவன்.
கையில் கடிகாரம், மடியில் படிவம்.
ஒரு குப்பியில்
ஐந்து பிள்ளைகளுக்கான முழு மருந்து.
தசையை விட்டுத் தோலுக்குள் போட்டால்
அதுவே இருபத்தைந்து துளி.
ஒரு பிள்ளைக்கு இரண்டு தரம்,
ஆறாம் வாரம், பதினான்காம் வாரம்.
ஆகப் பன்னிரண்டு பிள்ளை, ஒரு துளி மிச்சம்.
(படிவத்தில் மிச்சத்துக்குக் கட்டம் இல்லை.
சேதம் என்றுதான் எழுத வேண்டும்.)

படகோட்டி கொஃபூர் மியா
இயந்திரக் கயிற்றை மூன்றாம் தடவை இழுத்துவிட்டு
டீசல் சீட்டை என்னிடம் நீட்டுகிறார்.
குப்பியின் விலையைப் போல் ஏழு மடங்கு.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்:
மூன்று மடங்கோடு நிறுத்திக்கொண்டது பழமொழி.
அது இந்த ஹாவரைப் பார்த்ததில்லை.

நீருக்கு நடுவே ஒரு மண்திட்டு,
அதன் மேல் ஏழு வீடு.
மொய்ஃபுல் பிள்ளையைத் தரமாட்டேன் என்று சொல்லவில்லை.
கேட்டாள், அவ்வளவுதான்.
"மூத்தவனுக்குக் குழல் நிறையப் போட்டீங்க.
இவளுக்கு மட்டும் ஏன் அடியில ஒட்டினது?"

தசையைவிடத் தோலில் காவலாட்கள் அதிகம்,
அங்கே கொஞ்சம் காட்டினாலே
உடம்பு முழுக்கச் சேதி போய்விடும்,
இது போதும் என்றாள் தபோஷி.

மொய்ஃபுல் கடைசிவரை கேட்டுக்கொண்டாள்.
"நிவாரண அட்டையில பத்துக் கிலோ.
கைக்கு வர்றது எட்டு.
அவங்களும் போதும்னுதான் சொன்னாங்க."

பத்தில் இரண்டு.
ஐந்தில் ஒன்று.
என் பேனா நின்றது.
திருட்டுக்கும் சிக்கனத்துக்கும்
ஒரே பின்னம்.

"மீதி எங்க போகுது?"

தபோஷி பதில் சொல்லவில்லை.
பதிவேட்டை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.
மொய்ஃபுல் எழுத்துக் கூட்டி வாசித்தாள்,
விரல் வரிவரியாய் இறங்கியது.
வடக்குத் திட்டு ஜுபைதாவின் இரட்டைகள்.
வலை பின்னும் நிதாயின் மகன்.
பிறகு, படித்துறைத் தகராறில்
மூன்று வருஷமாய் முகம் பாராத
ஹுஸ்னாவின் கடைக்குட்டி.
அங்கே விரல் கொஞ்சம் தங்கியது.

"அவ பிள்ளைக்கும் இதே கோடா?"
"இதே கோடு."
"அப்ப என் கண்ணு முன்னால அளந்து போடு."

ஊசி படுத்தவாக்கில் நுழைந்தது.
பிள்ளை வானத்தைக் கிழித்தாள்.
கையில் மசூர் பருப்பளவு
வெளிறிய மேடு ஒன்று எழும்பியது.
தராசு முள்ளைப் பார்ப்பவள் போல்
மொய்ஃபுல் குனிந்து பார்த்தாள்.
எழும்பாவிட்டால் மருந்து ஆழத்தில் நழுவிவிட்டது என்று பொருள்.
காலையில் ஒரு பிள்ளைக்கு அப்படி ஆனது.
தபோஷி அதையும் எழுதியிருக்கிறாள்,
தன் கையெழுத்தோடு.

மொத்தம் பதினோரு நிமிடம் என்று குறித்தேன்.
ஊசிக்கு ஒன்று.
மீதிப் பத்தை எந்தத் தலைப்பில் சேர்ப்பது?

எட்டு வாரத்தில் நீர் வடிந்துவிடும்.
படகு தரைதட்டும்,
இரண்டாம் நாலுமாவுக்குச்
சேற்றில் நடந்துதான் வர வேண்டும்.
"டீசல் மிச்சம்" என்றார் கொஃபூர் மியா.
செருப்புக்குக் கட்டம் உண்டா
என்று என்னைக் கேட்டாள் தபோஷி.
நான் படிவத்தைத் திருப்பிப் பார்த்தேன்.

படகு ஹுஸ்னாவின் திட்டுப் பக்கம் திரும்புகிறது.
கரையில் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு
இயந்திரச் சத்தத்துக்கு மேலே மொய்ஃபுல் கத்துகிறாள்:
"பருப்பு எழும்புதான்னு
பார்க்கச் சொல்லு அவளை!"