மருந்துக்குக்கூட

கோட்டூர் கடைத்தெருவில் எங்கள் கடைப் பலகை:
உரம், விதை, பூச்சி மருந்து.
ஒன்பது வருஷமாக இங்கே பில் போடுகிறேன்.

பூச்சி என்றால் இந்தப் பக்கம்
வண்டும் புழுவும் மட்டுமில்லை.
விளக்கு வைத்த பிறகு பாம்பும் பூச்சிதான்.
பெயர் சொன்னால் வந்து நிற்குமாம்.
வரப்பில் கடிபட்டவரிடம்
டாக்டர் கேட்டாராம், என்ன பூச்சி?
நல்ல பூச்சிங்க, என்றாராம்
இமை சொருகச் சொருக.

மருந்தும் அப்படித்தான்.
டப்பாவில் சிவப்பு முக்கோணம், மண்டை ஓடு,
எறும்பு எழுத்தில் பன்னிரண்டு மொழி எச்சரிக்கை.
வருகிறவர்கள் கேட்பதோ
"மருந்து ஒண்ணு குடுங்கக்கா."

அந்த வருஷம் கடைமடைக்கு
மருந்துக்குக்கூடத் தண்ணீர் வரவில்லை.
முறை வைத்து விடுகிறோம் என்றார்கள்.
முறை என்றால் இல்லை என்று
வாய்க்கால் நண்டுக்கும் தெரியும்.
காய்ந்து கிடந்ததில் பாதி தப்பிப் பிழைத்து
கதிர் பால் பிடிக்கும்போது
வானம் மூன்று நாள் மொத்தமாக இறங்கியது.
பார்க்க வந்த அதிகாரி
"மகசூல் குறைவு" என்று எழுதிக்கொண்டார்
முழங்கால் தண்ணீரில் நின்றபடி.

வைரக்கண்ணு கடைக்கு வந்தது தை கடைசியில்.
எந்த வயலிலும் மருந்தடிக்க எதுவும் இல்லாத நேரம்.
அதை நான் அப்போது யோசிக்கவில்லை.
யோசிக்கவில்லை என்றுதான்
எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.
"கணக்குல வச்சுக்கங்க, வரேன்" என்று போனார்.

ஏட்டு எழுதியது தீராத வயிற்றுவலி.
எங்கள் ஸ்டேஷன் எல்லையில்
கடன்காரர்களுக்கு மட்டும்
அந்த வலி தீருவதே இல்லை.
ஊர் சொன்னது, மருந்தக் குடிச்சிட்டாராம்.

காரியமெல்லாம் முடிந்து
மாசி மாசம் ஒரு மத்தியானம்
தையல்நாயகி வந்தாள்.
காதில் தோட்டுக்குப் பதில் வேப்பங்குச்சி.
"தோடு பேங்க்ல இருக்கு" என்றாள்
நான் கேட்காமலே.
"அவங்க பேருல பாக்கி இருக்காமே."

நோட்டைப் புரட்டினேன்.
மருந்து 1. ரூபாய் 640.
"முதலாளி அதத் தள்ளுபடி பண்ணச் சொல்லிட்டாரு."
"எதத் தள்ளுவீங்க?"
நூறு நாள் வேலைக் கூலி, மஞ்சள் பையிலிருந்து
எண்ணி எண்ணி வைத்தாள்.
ரசீது வேண்டும் என்றாள்.

மெஷின் மருந்து என்றே அடித்துத் தந்தது.
அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.
தாளை வெளிச்சத்தில் பிடித்து, கூட்டிப் படித்து,
ஒரு சொல்லின்மேல் விரலை வைத்தாள்.
"இத அடிச்சிட்டு விஷம்னு எழுதுங்க."

கடையில் நின்ற இரண்டு பேர் நகர்ந்து
மூட்டைப் பக்கம் போனார்கள்.
"அதெல்லாம் எழுதுற வழக்கமில்லம்மா…"

"சின்னவனுக்கு எட்டு நாளா இருமல்.
பாட்டிலத் தொறந்து
மருந்து குடிடா தங்கம்னா
செவுத்தோரம் ஒண்டிக்கிட்டு
வாயப் பொத்திக்கிறான்.
அப்பா குடிச்சது இதுதானேங்கறான்.
அது வேற இது வேறன்னு
நான் வாயால சொன்னா நம்பமாட்டேங்கறான்.
இப்பத்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறான்.
படிச்சாவது பாக்கட்டும்."

பேனாவால் ஒரு கோடு இழுத்தேன்.
பக்கத்தில் எழுதினேன்.
ஷ சரியாக வரவில்லை,
அந்த எழுத்தை இந்தக் கடையில்
எழுதிப் பழக்கமே இல்லை.
மேலே இன்னொரு தடவை அழுத்தினேன்.
நாலாக மடித்து மஞ்சள் பையில் வைத்துக்கொண்டாள்.

"போறேன்" என்றாள்.
வரேன் என்று சொல்லவில்லை.
"சரி, வாங்க" என்றேன் நான், பழக்கத்தில்.

மூட்டைப் பக்கம் நின்றவர் நெருங்கி வந்தார்.
"மருந்து ஒண்ணு குடுங்கக்கா."
என்ன பூச்சிக்கு?
"ஆனைக்கொம்பன்."
எந்த வயல்? நட்டு எத்தனை நாள்?
வீட்டுல யாரெல்லாம் இருக்கீங்க?
அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல்
கேட்டுக்கொண்டே இருந்தேன்.